காபிப் படத்தில் காபி எங்கே?

என் மனைவியின் தம்பி ஈரோட்டில் ஒரு காபிக் கடை வைத்திருக்கிறான். எட்டுக்குப் பன்னிரண்டு அடி இடம். முன்னால் பாய்லர், உள்ளே நாலு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. போன வருஷம் ஒரு டெலிவரி ஆப்பில் கடையைச் சேர்த்தான். மெனுவுக்குப் படம் வேணும்னு கேட்டிருக்காங்க. "மாமா, நீங்கதான் நல்லா போட்டோ எடுப்பீங்களே, ஒரு எட்டு வந்து எடுத்துக் குடுத்துருங்க"ன்னு போன் பண்ணினான். நானும் சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து ரயிலேறிப் போய் இறங்கினேன்.

மூணு வாரம் கழிச்சு அவனே அந்த ஆப்பில் வந்த விமர்சனங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். பாதிக்கு மேல் காபியைப் பற்றியே இல்லை, என் படத்தைப் பற்றி. "படத்துல பித்தளை டபரா, வந்தது பேப்பர் கப்." "நுரை எங்கப்பா?" "படத்தைப் பார்த்து ஏமாறாதீங்க." ஒரு ஸ்டார், ரெண்டு ஸ்டார். கூடவே மச்சானின் ஒரு வரி: "மாமா, படம் ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா அது நம்ம காப்பி இல்லீங்களே."

இந்தப் பதிவு அந்தப் படத்துக்கான விமர்சனம். எடுத்தவனே எழுதுகிறேன். கொஞ்சம் கருணை காட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

படத்தில் என்ன இருந்தது

முதலில் படத்தை விவரிக்கிறேன். கறுப்பு மர மேஜை (உண்மையில் மர டிசைன் ஒட்டிய சன்மைக்கா). அதன் மேல் பளபளக்கும் பித்தளை டபரா, டம்ளர். டம்ளரின் விளிம்பைத் தாண்டி ஒரு அங்குலம் எழுந்து நிற்கும் நுரை. சுற்றிலும் சிதறிக் கிடக்கும் வறுத்த காபிக் கொட்டைகள். ஓரத்தில் ஒரு முழம் மல்லிகைப்பூ. பின்னால் மங்கலாக ஒரு பித்தளை ஃபில்டர். ஒளி இடது பக்கத்திலிருந்து. ஆவி லேசாக எழுகிறது.

இதில் மச்சான் கடையில் நிஜமாக இருப்பது எது? மேஜை மட்டும்தான். டபரா செட் நான் கடைத்தெருவில் அன்றைக்குக் காலையில் வாங்கியது. கடையில் புழங்குவது எவர்சில்வர் டம்ளரும் கண்ணாடி கிளாஸும். கொட்டை, பக்கத்துக் காபித்தூள் கடையில் நூறு கிராம் கேட்டு வாங்கினது. அந்தக் கடைக்காரர் "அரைக்க வேண்டாங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். ஃபில்டர் என் மாமியாருடையது. கடையில் டிகாஷன் இறக்குவது துணியில்.

நுரையைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு. ஒரு சொட்டு சோப்பைத் தண்ணீரில் விட்டு, கரண்டியால் அடித்து, மேலே வைத்தேன். ஆவி ஊதுபத்தியிலிருந்து வந்தது.

ஏன் இப்படிச் செய்தேன் என்றால், முதல் ஏழெட்டு காபியை நேர்மையாகத்தான் எடுத்துப் பார்த்தேன். காபி நுரைக்கு ஆயுசு கம்மி. ஆத்தும்போது பாலுக்குள் காற்று புகுந்து குமிழாகிறது. பாலின் புரதம் ஒவ்வொரு குமிழையும் மெல்லிய தோலாகச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தத் தோலிலிருந்து நீர் கீழே வடிந்துகொண்டே இருக்கும். தோல் மெலிய மெலிய, சின்னக் குமிழ்கள் உடைந்து பெரிய குமிழ்களோடு சேர்ந்துவிடும். நீங்கள் போனை எடுத்து, திரையைத் தொட்டு, ஃபோகஸ் சரியா என்று பார்ப்பதற்குள் நடுவில் ஒரு பழுப்புக் குளமும் ஓரத்தில் ஒரு வளையமும்தான் மிஞ்சும். சோப்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அரை மணி நேரம் அசையாமல் நிற்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. விளம்பரத்துக்கு உணவைப் படமெடுக்கிறவர்கள் பல காலமாகச் செய்வதுதான். கறுப்புக் காபிக்கு நீர் கலந்த சோயா சாஸ், ஐஸுக்கு அக்ரிலிக் கட்டி, கிளாஸின் மேல் பனித்துளிக்குக் கிளிசரினும் தண்ணீரும், ஐஸ்கிரீமுக்கு மசித்த உருளைக்கிழங்கு.

உருளைக்கிழங்கு ஐஸ்கிரீம் வழக்கு

இந்த உருளைக்கிழங்கு விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. விமர்சனங்களால் நொந்து போய் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது சிக்கியது. 1965இல் தீர்ப்பான வழக்கு. ஒரு பக்கம் அந்நாட்டு வர்த்தக ஆணையம், இன்னொரு பக்கம் கோல்கேட் பாமோலிவ். ராபிட் ஷேவ் என்ற சவர நுரைக்கு டிவி விளம்பரம்: நுரையை உப்புத்தாளில் தடவி, உடனே பிளேடால் வழித்தால் மணலெல்லாம் வந்துவிடும். அத்தனை வலுவான நுரையாம். உண்மையில் அங்கே இருந்தது உப்புத்தாளே இல்லை, மணல் ஒட்டிய பிளெக்ஸிகிளாஸ். நிஜ உப்புத்தாளாக இருந்தால் 80 நிமிஷம் போல ஊற வேண்டும்.

கம்பெனி வைத்த வாதங்களில் ஒன்று சுவாரசியமானது. டிவி விளக்குச் சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும், அதற்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு வைக்கிறார்கள், அப்போது அதுவும் மோசடியா? நீதிமன்றம் இரண்டையும் பிரித்தது. யாரோ ஐஸ்கிரீம் சாப்பிடுகிற காட்சியில் உருளைக்கிழங்கு இருந்தால் அது வெறும் அரங்கப் பொருள். ஆனால் "பார், எங்கள் பொருளால் இது முடியும், நீயே கண்ணால் பார்" என்று நிரூபணமாகக் காட்டும்போது, காட்டப்படுவது நிஜமாக இருக்க வேண்டும். 1970 வாக்கில் கேம்ப்பெல் சூப்புக்கும் இதே மாதிரி சிக்கல் வந்தது. கிண்ணத்தில் காய்கறி அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்று அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய் எல்லாம் மேலே தெரிகிற மாதிரி எடுத்திருந்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு அற்ப நிம்மதி. என் சோப்பு நுரை வெறும் அரங்கப் பொருள்தானே? அப்புறம் மெனுவைத் திறந்து பார்த்தேன். படத்துக்குக் கீழே மச்சான் போட்டிருந்த பெயர்: "நுரை ததும்பும் ஃபில்டர் காபி." நிம்மதி போச்சு. நுரைதான் விற்பனை வாக்குறுதி, சோப்புதான் அதற்குச் சாட்சி.

கொட்டையும் சிக்கரியும்

சோப்பு ஒரு குற்றம். ஆனால் படத்தை இப்போது பார்க்கும்போது எனக்கு அதிகமாக உறுத்துவது அந்தக் கொட்டைகள். சோப்பு காபியைப் பற்றி ஒரு பொய்தான் சொன்னது. கொட்டைகள் நம் மொத்தக் காபிப் பழக்கத்தையும் பற்றி ஒரு பொய் சொல்கின்றன.

இன்ஸ்டாகிராமில் ஃபில்டர் காபி என்று தேடினால் வருகிற படங்களைப் பாருங்கள். பத்தில் பாதிக்கு மேல் ஒரே படம்தான். பித்தளை டபரா, கொட்டை, சாக்குத்துணி, மல்லிகை, ஜன்னலில் மழை, பக்கத்தில் ஒரு புத்தகம். என் வீட்டிலும் சரி, உங்கள் வீட்டிலும் சரி, காபிக் கொட்டையைக் கண்ணால் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? பாட்டி காலத்தில் வீட்டில் வறுத்து அரைத்தார்கள், உண்மைதான். இன்றைக்கு நமக்கு வருவது பொட்டலத்தில் தூள். அந்தத் தூளில் பாதி நேரம் சிக்கரி. காபி, சிக்கரி கலவை என்று விற்கும் பொருளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் இந்திய விதி. அதாவது 49 வரை சிக்கரி போடலாம். நம் காபியின் அந்தக் கெட்டியான கரும்பழுப்பு நிறத்துக்கும், லேசான கசப்பு இனிப்புக்கும் சிக்கரி ஒரு முக்கியமான காரணம். ஒரே ஒரு படத்திலாவது டம்ளர் பக்கத்தில் ஒரு சிக்கரிக் கிழங்கை யாராவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

கொட்டை சிதறுவது எஸ்பிரெஸோ படங்களிலிருந்து வந்த பழக்கம். அங்கே அதற்கு ஒரு காரணம் உண்டு. கொட்டையை அங்கேயே அரைத்து அங்கேயே இறக்குகிறார்கள். நாம் காரணத்தை விட்டுவிட்டு சிதறலை மட்டும் எடுத்துக்கொண்டோம். மசாலா டீ படங்களில் அன்னாசிப்பூவும் பட்டையும் கிடப்பதும் இதே கதைதான். எந்த டீக்கடையில் அன்னாசிப்பூ போடுகிறார்கள்? இஞ்சியைத் தட்டிப் போட்டால் பெரிய விஷயம்.

பித்தளை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பழைய வீடுகளில் பித்தளை இருந்தது, அப்புறம் எவர்சில்வர் வந்து அதைப் பரணுக்கு அனுப்பியது. இப்போது நெடுஞ்சாலையோர டிகிரி காபிக் கடைகள் அதைப் பரணிலிருந்து இறக்கியிருக்கின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. காபி இங்கே வந்த நாளிலிருந்தே வெறும் பானமாக இருந்ததில்லை. யார் எந்த வர்க்கம் என்று சொல்கிற அடையாளமாகவும் இருந்தது, டீ உழைப்பவர்களுக்கு, காபி நடுத்தர வர்க்கத்துக்கு என்று. நான் பித்தளை டபராவை வாங்கிக்கொண்டு போய் வைத்தபோது செய்தது அதைத்தான். பஸ் பிடிக்கப் போகிறவர் நின்றுகொண்டே குடிக்கிற ஒரு கடையை எடுத்து, அதற்கு ஒரு அக்கிரகாரத்து வேஷம் கட்டிவிட்டேன். மச்சானுக்கு அந்த வேஷம் தேவையாகவே இருக்கவில்லை. அவன் கேட்டது காபியின் படம்.

வடக்கு ஜன்னல்

சரி, தப்பை ஒத்துக்கொண்டாச்சு. ரெண்டாவது தடவை போய் எடுத்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் ஒழுங்காகப் படித்துவிட்டுப் போனேன். போனில் பானங்களை எடுப்பது எப்படி என்று ஏகப்பட்ட குறிப்புகள் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் குறிப்பு ஒன்றுதான்: ஃபிளாஷை அணை, இயற்கை ஒளியில் எடு, முடிந்தால் வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கத்தில் வை.

இங்கேதான் எனக்குள் இருக்கிற எஞ்சினியர் முழித்துக்கொண்டான். வடக்கு ஜன்னல் ஏன்? ஓவியர்களின் ஸ்டூடியோவிலிருந்து வந்த அறிவுரை அது. லண்டன் 51.5 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே வருஷம் முழுக்க நண்பகல் சூரியன் தெற்கே தான். கோடையில் அதிகாலையும் சாயங்காலமும் தவிர வடக்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் விழாது. வானத்தின் மெத்தென்ற ஒளி மட்டும் வரும். ஈரோடு 11.3 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 23 வாக்கில் ஒருமுறை நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் அது நமக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் மாதம் காலை எட்டு மணிக்கு வடக்கு ஜன்னலில் டம்ளரை வைத்தால் வெயில் சாய்வாக வந்து நேரே டம்ளரில் அடிக்கும். நான் முதல் தடவை போனது ஜூன். மாமியார் வீட்டு வடக்கு ஜன்னலில்தான் எடுத்தேன். நிழல் எல்லாம் கத்தி மாதிரி விழுந்ததற்குக் காரணம் அப்போது புரியவில்லை. குறிப்பு தப்பில்லை. அது வேறு ஊருக்கு எழுதினது.

நம் ஊருக்கு ஏற்ற இடம் எது என்று யோசித்தால், திண்ணைதான். மேலே கூரை, மூன்று பக்கம் மறைப்பு, ஒரு பக்கம் திறப்பு. நேர் வெயில் உள்ளே வராது, எதிர் சுவரிலும் தெருவிலும் பட்டுத் தெறிக்கிற ஒளி வரும். ஸ்டூடியோக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்குகிற சாஃப்ட்பாக்ஸ் இதுதானே. திண்ணை இல்லாதவர்கள் வாசல்படிக்கு உள்ளே மூன்றடி தள்ளி ஸ்டூலைப் போட்டுக்கொள்ளலாம்.

கடைக்கும் இதே கணக்குதான். கடை என்பது தெருவைப் பார்த்த ஒரு பெட்டி. வாடிக்கையாளர் தெருவில் நின்று உள்ளே பார்க்கிறார். அங்கிருந்து எடுத்தால் ஒளி உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து காபியின் முகத்தில் தட்டையாக அடிக்கும். ஆவி தெரியவே தெரியாது. ஆவி என்று நாம் பார்ப்பது மிக நுண்ணிய நீர்த்துளிகள். அவை தம் மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கித்தான் சிதறடிக்கும். அதாவது ஒளி ஆவிக்குப் பின்னாலிருந்து உங்களை நோக்கி வர வேண்டும், அதற்குப் பின்னணி இருட்டாகவும் இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் பாய்லருக்கு அந்தப் பக்கம், மாஸ்டர் நிற்கிற இடத்தில் நின்று தெருவை நோக்கி எடுக்க வேண்டும்.

மச்சான் கடையில் இருபது வருஷம் காபி போட்ட ஒரு மாஸ்டர் இருக்கிறார். "அண்ணா, கொஞ்சம் உள்ள வந்து நிக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "வாங்க தம்பி, கைல பட்டுக்காதீங்க, பாய்லர் சூடு"ன்னு ஒதுங்கி இடம் விட்டார். உள்ளே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் தினமும் பார்க்கிற காபி நான் பார்க்கிற காபி இல்லை. அவர் ஆத்தும்போது டம்ளருக்கும் டம்ளருக்கும் நடுவில் நீளுகிற அந்த ஓட்டம், பின்னொளியில் தேன் நிறத்தில் ஒளிர்கிறது. தெருப்பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது வெறும் பழுப்புக் கோடு. தெருப் பக்கம் பஸ் போய்க்கொண்டிருந்ததால் பின்னணி மட்டும் சிக்கலாக இருந்தது. எதிர்க்கடை ஷட்டர் மூடியிருக்கிற காலை ஆறரை மணிக்கு மறுபடி வந்தேன். இருண்ட ஷட்டர், அதன் முன் ஆவி. காலைக் குளிர்ச்சியில் ஆவி கூடுதலாகவும் தெரிந்தது. ஊதுபத்தி தேவைப்படவில்லை.

போன் செய்கிற வேலை

போனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமக்குத் தெரியாமல் அது நிறைய முடிவு எடுக்கிறது.

பெரும்பாலான போன்களின் முக்கிய லென்ஸ், பழைய ஃபிலிம் கணக்கில் 24, 26 மி.மீ.க்குச் சமமானது. அகல லென்ஸ். டம்ளர் சட்டத்தை நிறைக்கணும்னா கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் அருகில் இருப்பது பெருத்து, தள்ளி இருப்பது சிறுத்துவிடும். மேலிருந்து சாய்வாக எடுத்த டம்ளர் புனல் மாதிரி ஆகிவிடும். ரெண்டடி பின்னால் போய் 2x வைத்து எடுத்தால் டம்ளர் டம்ளராக இருக்கும். சில போன்கள், ஐபோன் 13 ப்ரோவிலிருந்து தொடங்கி, ரொம்பக் கிட்டே போனால் தானாகவே அதைவிட அகலமான லென்ஸுக்கு மாறிக்கொள்ளும். படம் திடீரென்று ஒரு துள்ளுத் துள்ளுவது அதனால்தான்.

நிறம் அடுத்த வம்பு. தானியங்கி வெள்ளைச் சமநிலையின் பழைய, எளிய முறை, காட்சியிலுள்ள எல்லா நிறத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்று நம்புவது. பழுப்பு மேஜையில் பழுப்புக் காபி வைத்தால் சராசரி சாம்பலாக எப்படி வரும்? உடனே போன் நீலத்தைக் கொஞ்சம் ஏற்றி பழுப்பை இறக்கிவிடும். காபி சேற்றுத் தண்ணி ஆகிவிடும். இப்போது வருகிற போன்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான முறைகளைப் பயன்படுத்துகின்றன. ஆனாலும் சட்டம் முழுக்கக் காபியாக இருந்தால் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளோ, வெள்ளைத் துண்டோ தெரிகிற மாதிரி வைத்தால் பாதி சரியாகிவிடும். அப்புறம் திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தை ஒரு படி கீழே இழுப்பேன். நிழலை எல்லாம் தூக்கிக் காட்டுவது போனுக்கு ஒரு வெறி. 2013இல் கூகுள் கொண்டுவந்த ஹெச்டிஆர் பிளஸ் மாதிரியான முறைகளில், பட்டனை ஒருமுறை அழுத்தினாலும் பல படங்களை எடுத்து ஒன்றாக்கித்தான் உங்களிடம் தருகிறது. இருட்டுச் சந்துக்கு அது வரப்பிரசாதம். டம்ளரின் உள்பக்க நிழலுக்கு, அந்த ஆழத்துக்கு, அது எமன்.

போர்ட்ரெய்ட் மோடை நான் பானங்களுக்கு விட்டுவிட்டேன். 2016இல் ஐபோன் 7 ப்ளஸ்ஸில் வந்ததிலிருந்து எல்லோரும் பின்னணியை மங்கலாக்கிக்கொண்டே இருக்கிறோம். எது கிட்டே எது தூரம் என்று போன் கணித்து, அந்தக் கணிப்பின்படி மங்கலாக்குகிறது. கண்ணாடி கிளாஸ் வந்தால் கணிப்பு குழம்பிவிடும், ஏனென்றால் கிளாஸ் வழியாகத் தெரிவது பின்னணிதான். மச்சான் கடை நன்னாரி சர்பத்தை அதில் எடுத்தபோது கிளாஸின் வலது விளிம்பையும் ஸ்ட்ராவின் பாதியையும் போன் அழித்துவிட்டது. சர்பத் அந்தரத்தில் நின்றது.

சர்பத்துக்கு ஒரு பழைய தந்திரம் போதும். நன்னாரி, போவண்டோ மாதிரி அடர்ந்த நிறப் பானங்கள் ஒளியை விழுங்கும். முன்னாலிருந்து பார்த்தால் கறுப்புதான். கிளாஸுக்குப் பின்னால், கிளாஸை விடச் சிறியதாக வெட்டிய வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால், அதில் பட்ட ஒளி பானத்தின் வழியே வந்து சிவப்பு எரியும். இது பொய்யா? நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீங்களும் அதே சிவப்பைத்தான் பார்ப்பீர்கள். சோப்பு நுரையை எங்கே பிடித்தாலும் காபி நுரை ஆகாது.

எவர்சில்வர் டம்ளர் வேறு விதமான தலைவலி. வளைந்த கண்ணாடி அது. கடை முழுக்க அதில் தெரியும், நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்பேன். இரண்டு பக்கமும் வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்தி, நான் தள்ளி நின்று, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் டம்ளர் அமைதியாகும். ஆனால் மாஸ்டர் ஆத்தும்போது எடுத்த ஒரு படத்தில் டம்ளரின் வயிற்றில் அவர் சட்டையும், பாய்லரும், தெருவும் ஒரு கோடாகத் தெரிந்தன. அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு கிளாஸ் தண்ணீர்

பிட்ஸ்பர்க்கில் கார்னெகி அருங்காட்சியகத்தில் ஷார்டன் 1761 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு கரும்பழுப்புக் காபிப் பானை, முன்னால் கொஞ்சம் பூண்டு. நான் நேரில் பார்த்ததில்லை, திரையில் பெரிதாக்கிப் பார்த்ததுதான். அங்கேயும் துணைப்பொருள் உண்டு. ஆனால் அந்தப் பூண்டு காபியைப் புகழ்வதற்காக அங்கே வரவில்லை. சமையலறையில் கிடந்தது, கிடக்கிறது. கொட்டைக்கும் அதற்கும் அதுதான் வித்தியாசம்.

இன்னொருவர் யோசெஃப் சூடெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த செக் புகைப்படக்காரர். பிராக்கில் தன் ஸ்டூடியோ ஜன்னலில் சாதாரணக் கிளாஸில் தண்ணீரை வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தார். நிரம்பிய கிளாஸ் ஒரு உருளை லென்ஸ். பின்னால் இருப்பதை இடம் வலமாகத் திருப்பிக் காட்டும். நீங்களே ஒரு கிளாஸுக்குப் பின்னால் இடது பக்கம் பேனாவை நகர்த்திப் பாருங்கள், அது கிளாஸுக்குள் வலது பக்கம் நகரும். சூடெக் அதோடு விளையாடினார். வெறும் தண்ணீர், ஒரு ஜன்னல். ஆப் இல்லை, மல்லிகை இல்லை, ஒரு கை.

இவர்களோடு என்னை ஒப்பிடவில்லை. ஆனால் என் சோப்புக் காபியை இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. என் படத்தில் யாரும் குடிக்கவில்லை, குடிக்கப் போவதுமில்லை. டம்ளர் விளிம்பில் ஒரு துளி வழியவில்லை. டபராவில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குடித்தால் வாயெல்லாம் சோப்பு.

ரெண்டாவது படம்

ரெண்டாவது தடவை எடுத்த படத்தில் கண்ணாடி கிளாஸில் காபி, பக்கத்தில் டெலிவரிக்குப் போகிற அதே பேப்பர் கப், மூடியோடு. பின்னால் மாஸ்டரின் கை. நுரை நிஜம். மாஸ்டர் ஆத்தி ஊற்றியதும் மூன்று, நாலு செகண்டுக்குள் எடுத்தது. அதற்காக ஃபோகஸை முன்கூட்டியே காலி கிளாஸில் பூட்டிவைத்து, அவர் ஊற்றுவதற்கு முன்னாலேயே தொடர்ச்சியாக எடுக்க ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு காபி ஆச்சு. பன்னிரண்டையும் வாடிக்கையாளர்களுக்கே கொடுத்துவிட்டார் மாஸ்டர், ஒன்றும் ஆறவில்லை. முதல் தடவை எடுத்தபோது நாங்கள் சாக்கடையில் ஊற்றினோம்.

படத்தை மாற்றினோம். பெயரிலிருந்து "நுரை ததும்பும்" போனது. பேப்பர் கப் விமர்சனங்கள் நின்றுவிட்டன. ஆனால் அடுத்த மாதம் மச்சான் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. பழைய படத்துக்கு ஆர்டர் ஜாஸ்தியா வந்துதுங்க." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மழைக்காலமாக இருக்கலாம், ஆப்பில் புதுக்கடை என்று முதலில் மேலே காட்டியிருக்கலாம். அவன் சொல்வதே உண்மையாகவும் இருக்கலாம். ஆப்பில் பழைய படத்தை மறுபடி போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "அது போட மாட்டேனுங்க"ன்னான்.

போன வாரம் ஈரோடு போயிருந்தேன். கடை வாசலில் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் பேனர், ஆறடிக்கு நாலடி. பித்தளை டபரா, கொட்டை, மல்லிகை, விளிம்பைத் தாண்டிய நுரை. "இதுல காசு குடுத்து வாங்கறவங்க நேர்ல பாத்துதானுங்க மாமா வாங்கறாங்க"ன்னு எனக்கு முன்னாலேயே பதிலைத் தயாராக வைத்திருந்தான். சட்ட ரீதியாக அவன் வாதம் எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொண்டே அதற்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்தேன். மாஸ்டர் எவர்சில்வர் டம்ளரில் ஒரு காபி கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி நல்லா இருந்தது.